பேர் தெரியாத செடி

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



சேமிப்பு, சந்தா, கடன் திருப்பம் எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போது அரை மணி நேரம் செடியைப் பற்றிப் பேசப் போகிறோம். "செடியைப் பத்திப் பேச என்னங்க இருக்கு, எங்களுக்குத் தெரியாத செடியா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். வரப்பிலும் ஏரிக்கரையிலும் முளைக்கிற பூண்டுக்கெல்லாம் உங்களுக்குப் பேர் தெரியும். எது மாட்டுக்கு ஆகும், எது ஆகாது, எதைக் கீரையாகக் கடையலாம் என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஆனால் வாசல்படி ஓரத்தில் பெயிண்ட் டப்பாவிலும், ஓட்டை வாளியிலும், அரிசிச் சாக்கிலும் நிற்கிற செடி இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்று பேச்சு. டவுனில் வேலைக்குப் போகிற வீட்டில் கிளை ஒடித்துக் கொடுத்திருப்பார்கள். ஏற்காடு கோடை விழாவுக்குப் போனபோது வாங்கியிருப்போம். வண்டியில் விற்றுக்கொண்டு வருகிறவரிடம் அழகாக இருக்கிறதே என்று எடுத்திருப்போம். நாங்கள் களப்பணிக்கு வரும்போது "இது என்ன செடிக்கா?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: "குரோட்டன்ஸுங்க." இலையில் கொஞ்சம் கலர் இருந்தால் போதும், எல்லாமே நமக்குக் குரோட்டன்ஸ். உண்மையில் குரோட்டன்ஸ் என்பது ஒரே ஒரு வகைச் செடி. மற்றதெல்லாம் பேர் தெரியாமலேயே நம் வீட்டில் வளர்கிறது.

பேர் தெரியாவிட்டால் என்ன கெட்டுப்போச்சு? ஒரு கிராமத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஊர் பேர் வேண்டாம்.

ஒன்றரை வயதுக் குழந்தை. பாட்டி நம் குழு உறுப்பினர். திண்ணையில் இருந்த செடியின் இலையைக் குழந்தை கடித்துவிட்டது. கடித்த உடனேயே அலறல். எச்சில் வடிகிறது, உதடு தடிக்கிறது, பால் கொடுத்தால் விழுங்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன செடி?" பாட்டிக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்: "பச்சை இலைங்க, வெள்ளைப் புள்ளி இருக்கும்." அப்படி நூறு செடி இருக்கிறது. அப்பா மறுபடி பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து செடியைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஒரு ராத்திரி வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். குழந்தை நல்லபடியாக வீடு திரும்பியது.

அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் அந்தச் செடியைப் பாயின் நடுவில் வைத்துவிட்டு, எல்லோருமாகச் சேர்ந்து இது என்ன என்று கண்டுபிடிக்கப் பார்த்தோம். அதை எப்படிச் செய்தோம் என்பதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். படிப்பு தேவையில்லை. கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும்.

முதலில் தண்டு. கட்டையாக, கணுக்கணுவாக, கரும்பு மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. அடுத்து இலை. ஒரு கணுவுக்கு ஒரே இலை. இலைக்காம்பின் அடிப்பகுதி வாழைமட்டை போலத் தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. காம்பைக் கிள்ளிப் பார்த்தால் எருக்கு மாதிரி கெட்டிப் பால் வரவில்லை. செடி வைத்திருந்த அம்மாவிடம் "இது பூத்துச்சாம்மா?" என்று கேட்டோம். "போன வருசம் ஒண்ணு வந்துச்சு. பூன்னு சொல்ல முடியாது. வெளிறின மடல் ஒண்ணு, அதுக்கு நடுவுல ஒரு குச்சி" என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த வயதான உறுப்பினர் ஒருவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்: "அது சேம்பு பூக்கிற மாதிரியில்ல இருக்கு? இது நம்ம அரிக்கிற சாதிடி."

அவர் சொன்னது அப்படியே சரி. சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு, இந்தச் செடி எல்லாம் ஒரே குடும்பம். பிறகு போனில் படம் பிடித்துத் தேடியதில் டிஃபன்பாக்கியா என்று வந்தது. ஒரு கல்லூரித் தாவரவியல் ஆசிரியையிடமும் காட்டிக் கேட்டோம். அவரும் அதையே சொன்னார்.

கருணைக்கிழங்கு ஏன் நாக்கை அரிக்கிறது, ஏன் புளி போட்டு நன்றாக வேகவைக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் குடும்பத்துச் செடிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற படிகங்கள் இருக்கின்றன. கால்சியம் ஆக்சலேட் என்று பேர். பச்சையாகக் கடித்தால் அந்த ஊசிகள் நாக்கிலும் உதட்டிலும் தொண்டையிலும் குத்தி ஏறுகின்றன. டிஃபன்பாக்கியா அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதியில் இருந்து வந்த செடி. ஆங்கிலத்தில் இதற்கு 'ஊமைக் கரும்பு' என்று பொருள்படும் ஒரு பேர் உண்டு. கடித்தால் நாக்கு வீங்கிக் கொஞ்ச நேரத்துக்குப் பேச்சே வராது என்பதால் வந்த பேர். பேரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அந்தப் பேர் தெரிந்திருந்தால் செடி குழந்தை கைக்கு எட்டும் திண்ணையில் இருந்திருக்காது.

இதற்காக வீட்டில் இருக்கும் செடியையெல்லாம் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. நம் எல்லார் வீட்டிலும் இருக்கும் மணி பிளான்ட்டும் இதே குடும்பம்தான். ஆந்தூரியம், அக்லோனிமா, கலேடியம், பீஸ் லில்லி என்று நர்சரியில் விற்பதும் இதே குடும்பம். பேர் தெரிந்தால் எங்கே வைப்பது என்று தெரியும். அவ்வளவுதான். தொங்கும் தொட்டியிலோ, குழந்தைக்கு எட்டாத மேடையிலோ வைக்கலாம். கிளை வெட்டினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கையோடு கண்ணைக் கசக்கக்கூடாது.

இன்னொரு வகை, பால் வடிகிற செடிகள். அரளி, மஞ்சளாகப் பூக்கிற தங்க அரளி, அடிமரம் குண்டாக இருக்கும் அடீனியம் மூன்றும் ஒரே குடும்பம். மூன்றிலும் இதயத்துடிப்பைப் பாதிக்கும் நஞ்சு இருக்கிறது. அரளிப்பூவை மாலை கட்டுகிறோம், சாமிக்குப் போடுகிறோம். அதனாலேயே சாதுவான செடி என்று நினைத்துவிடுகிறோம். 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தது. அப்புறம் திருகுக்கள்ளி. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வேலி ஓரத்தில் நின்றால் நமக்குத் தெரியும். அதையே சின்னத் தொட்டியில் வைத்து அலங்காரச் செடி என்று கொடுத்தால் அடையாளம் தெரியாமல் வாங்கிவிடுவோம்.

இரண்டாவது விஷயம், மருந்துக்கு என்று வளர்ப்பது. இங்கே ஒரே பேரில் பல செடி, ஒரே செடிக்குப் பல பேர். கற்பூரவல்லி என்றால் சளிக்குக் கொடுக்கும் இலை. சிலர் அதையே ஓமவல்லி என்பார்கள். ஆனால் சந்தையில் போய்க் கற்பூரவல்லி என்று கேட்டால் வாழைப்பழத்தைக் கொடுப்பார்கள். இதில் கெடுதல் ஒன்றும் இல்லை, சிரித்துவிட்டுப் போகலாம். எல்லாவற்றிலும் அப்படிச் சிரிக்க முடியாது.

சோப்புத் தயாரிக்கும் நம் குழுக்கள் சோற்றுக்கற்றாழை வாங்குகிறீர்கள். ரயில் பாதை ஓரத்தில் பெரிதாக வளரும் ஆனைக்கற்றாழையும் தூரத்தில் பார்த்தால் அதே ஜாடைதான். அதன் சாறு பட்டால் தோல் எரியும், தடிக்கும். வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். சோற்றுக்கற்றாழை மடலை ஒடித்தால் உள்ளே கண்ணாடி போலச் சோறு இருக்கும், தோலின் ஓரத்தில் மஞ்சளாகக் கசப்புச் சாறு வடியும். ஆனைக்கற்றாழை மடல் முழுக்க நார். நுனியில் ஊசி போலக் கெட்டியான முள் இருக்கும். ஒடித்துப் பார்க்காமல் மூட்டையாக வாங்காதீர்கள்.

'இன்சுலின் செடி' என்று ஒன்று இப்போது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. இலை தண்டைச் சுற்றிச் சுருளாக, மாடிப்படி ஏறுகிற மாதிரி வளரும். ஆரஞ்சு நிறத்தில் பூக்கும். காஸ்டஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இன்சுலின் என்பது மக்கள் வாயில் வந்த பேர். அந்த இலைக்குள் இன்சுலின் கிடையாது. சில உறுப்பினர்கள் தினமும் இரண்டு இலை மென்றுவிட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காலில் புண் வந்து, கண் மங்கிய பிறகு செடியைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? எந்த இலையைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

மூன்றாவது, வருமானம். நம் கூட்டமைப்பில் நர்சரி வைத்திருக்கும் குழுக்கள் இருக்கின்றன. கண்காட்சியில் ஸ்டால் போடும்போது வாங்க வருகிறவர் என்ன கேட்கிறார்? "இது என்ன செடி? வெயில்ல வைக்கணுமா நிழல்லயா? வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க, ஒண்ணும் பண்ணாதே?" இந்த மூன்று கேள்விக்கும் பேர் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். பதில் சொல்லத் தெரியாமல் நாம் முழிக்கும்போது அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார். ஆகவே ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு அட்டை வையுங்கள். பேர், வெயிலா நிழலா, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர், வாயில் வைக்கலாமா கூடாதா. இந்த நான்கும் போதும்.

சரி, 'உண்மையான பேர்' என்றால் எது? நம் குழுவில் மூன்று செல்வி இருந்தால் என்ன செய்கிறோம்? வங்கிப் பாஸ்புத்தகத்தில் இனிஷியலோடு எழுதுகிறோம். இல்லாவிட்டால் ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். செடிக்கும் அப்படித்தான். 1753ஆம் ஆண்டு லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் எழுதிய நூலில் இருந்து, செடிகளுக்கு இரண்டு சொல்லில் பேர் வைக்கும் வழக்கம் நிலைபெற்றது. முதல் சொல் இனத்துக்கு, இரண்டாவது சொல் அந்த ஒரு வகைக்கு மட்டும். நம் துளசி 'ஆசிமம் டெனுயிஃப்ளோரம்'. சென்னையில் கேட்டாலும் ஜப்பானில் கேட்டாலும் அதுதான். மனப்பாடம் செய்ய வேண்டாம். எழுதி வைத்தால் போதும். சில சமயம் ஆராய்ச்சியில் பேர் மாறும். வாள் மாதிரி நிமிர்ந்து நிற்கும் பாம்புச்செடியைப் பழைய புத்தகங்களில் சான்சிவேரியா என்று போட்டிருப்பார்கள், இப்போது டிரசீனா இனத்தில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு பேரைப் பார்த்தால் குழம்பாதீர்கள்.

இனி, பேர் தெரியாத செடி ஒன்று கைக்கு வந்தால் இந்தக் கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

1. நிமிர்ந்து நிற்கிறதா, படர்கிறதா, கொடியா? தண்டு மரம் போலவா, சதைப்பற்றா?

2. ஒரு கணுவில் எத்தனை இலை? ஒன்றா, எதிரெதிராக இரண்டா, வட்டமாகப் பலவா?

3. இலை ஓரம் வழவழப்பா, ரம்பம் மாதிரியா? நரம்பு வலைபோல ஓடுகிறதா, வாழையிலை போல ஒரே சீராக ஓடுகிறதா?

4. கிள்ளினால் பால் வருகிறதா, தண்ணீர் போலச் சாறு வருகிறதா? கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொண்டுதான் கிள்ள வேண்டும்.

5. கசக்கினால் என்ன வாசம்? இதற்கும் கவர் வேண்டும். பால் வரும் செடி என்றால் கசக்கவே வேண்டாம். எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது.

6. அடியில் கிழங்கா, வேரா? பக்கக்கன்று வைக்கிறதா?

7. பூ எப்படி? எத்தனை இதழ்? காய் உண்டா? பூக்கும் வரை பொறுத்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இலை நிறத்தை நம்பாதீர்கள். நிழலில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம் காட்டும்.

இவ்வளவும் எழுதிய பிறகு போனை எடுங்கள். முழுச் செடி, இலையின் முன்பக்கம், பின்பக்கம், கணு, பூ என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு தெரியும். கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட் போன்றவற்றில் படத்தைக் காட்டினால் பேர் சொல்லும். ஆனால் அது ஜாடையை வைத்துத்தான் சொல்கிறது. ஒரே செடிக்கு இரண்டு படம் கொடுத்தால் இரண்டு பேர் சொல்வதும் உண்டு. போன் சொன்னது என்று நம்பி எந்த இலையையும் சமைக்கவோ அரைத்துக் குடிக்கவோ கூடாது. நோட்டில் எழுதியதும் போன் சொன்னதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு தெரிந்தவர் ஒருவரிடம் உறுதி செய்யுங்கள்.

தெரிந்தவர் யார்? நம் சேலம் மாவட்டத்துக்குச் சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தென்மண்டல மையம் கோயம்புத்தூரில், வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ளது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராப்பினட் ஹெர்பேரியம் 1967இல் தொடங்கப்பட்டது. செடிகளைக் காயவைத்து, தாளில் ஒட்டி, பேர் எழுதிப் பாதுகாக்கும் இடம் அது. இவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், பக்கத்துக் கல்லூரியில் தாவரவியல் துறை இருக்கும். நம் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், அவர்களிடம் கொடுத்து அனுப்பலாம்.

கொடுத்து அனுப்பும்போது ஒற்றை இலையை அனுப்பாதீர்கள். பூவோ காயோ உள்ள சிறு கிளையாக வேண்டும். பழைய செய்தித்தாளுக்கு நடுவில் பரப்பி, மேலே கனமான பொருளை வைத்து அழுத்துங்கள். தினமும் தாளை மாற்றினால் பூஞ்சணம் பிடிக்காது. எந்த ஊர், எந்தத் தேதி, எவ்வளவு உயரம், பூ என்ன நிறம் என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். காய்ந்த பிறகு நிறம் போய்விடும், எழுதி வைத்தது மட்டும்தான் நிற்கும்.

கடைசியாக ஒன்று. இதைக் கவனமாகக் கேளுங்கள். குழந்தை ஏதாவது இலையைக் கடித்துவிட்டால் என்ன செய்வது? வாயில் இருக்கும் துணுக்கை விரலால் மெதுவாக எடுத்துவிட்டு, ஈரத்துணியால் வாயைத் துடையுங்கள். விழுங்க முடிந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்கலாம். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உள்ளே போகும்போது புண்ணாக்கியது வெளியே வரும்போதும் புண்ணாக்கும். மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, நாக்கு வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, அரளிக் குடும்பத்துச் செடி என்று சந்தேகம் இருந்தாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள். போகும்போது அந்தச் செடியில் ஒரு கிளையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். பேர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். கண்ணில் பால் பட்டால் ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது நாம் ஒரு தீர்மானம் எழுதலாமா? அடுத்த மாதம் ஒவ்வொரு குழுவும் ஒரு கூட்டத்தில் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு உறுப்பினரும் வீட்டில் இருக்கும் பேர் தெரியாத செடிகளைப் படம் எடுத்து வரட்டும், அல்லது ஒரு கிளையைப் பையில் போட்டுக் கொண்டு வரட்டும். வயதான உறுப்பினர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். போன் பார்க்கத் தெரிந்த பிள்ளைகளைப் பக்கத்தில் வையுங்கள். தீர்மான நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு செடி நோட்டு போடுங்கள். செடியின் பேர், யார் வீட்டில் இருக்கிறது, யார் உறுதி செய்தது என்று எழுதுங்கள். வாயில் வைக்கக் கூடாத செடிக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு. பேர் கிடைக்காதவற்றின் படங்களைப் பிரதிநிதிகள் கூட்டமைப்புக்குக் கொண்டு வாருங்கள். நாங்கள் மொத்தமாக வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கல்லூரிக்கோ எடுத்துப் போய்க் கேட்டு வந்து, வரும் இதழ்களில் பதில் போடுகிறோம்.

அதுவரை ஒரு வேலையை மட்டும் இன்று சாயங்காலமே செய்துவிடுங்கள். வீட்டுக்குப் போனதும், தவழ்கிற குழந்தை, நடை பழகுகிற குழந்தை இருக்கும் வீட்டில், பேர் தெரியாத செடி தரையில் இருந்தால் தூக்கி மேலே வையுங்கள்.